எண்பது கிராம்

பரவைக் கடலில் நடக்கிறவர்கள்
காலைத் தூக்கி வைப்பதில்லை.
மணலை உரசி உரசித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.
சேற்றுக்குள் திருக்கை கிடக்கும்.
தூக்கி வைத்த கால் அதன் முதுகில் விழும்;
உரசி வரும் காலுக்கு
அது தானாக விலகும்.

இதை நான் அறிந்தது நாற்பத்திமூன்று வயதில்.
அதுவரை கடலை எனக்குக்
கிலோவில்தான் தெரியும்.

நாவாந்துறையில் றொமுவால்ட் அண்ணையின் நண்டு வாடி.
தராசுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரை,
ஈரம் ஊறிய கொப்பி, ஏழு வருடம்.
விடிய ஐந்தரைக்கு வள்ளங்கள் வரும்.
வலையிலிருந்து கழற்றிய நண்டு
கோபம் ஆறாமல் கூடையைக் கீறும்.
எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன், காசைக் கொடுப்பேன்.
ஞாயிறு பூசைக்குப் போவேன்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மதில்.
நான் கட்டியதில்லை,
இடித்ததுமில்லை.

திருவருகைக் காலத்து ஒரு செவ்வாய்.
மழை. வாடியில் ஆளில்லை.
வீட்டுக்கு வாங்கிய ஒரு கிலோ உப்பை
கை சும்மா இருக்கமாட்டாமல்
தராசில் வைத்தேன்.
தொள்ளாயிரத்து இருபது.
தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
தொள்ளாயிரத்து இருபது.

புதினம் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.
தெரியாத மாதிரி இருக்க
எனக்கு நல்ல பழக்கம்.
முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று
கொப்பியைப் பார்ப்பது போல
எத்தனையோ விடியல்களில் தோன்றியதுண்டு.
அன்றுதான் திரும்பினேன்.
ஒருவருமில்லை. தகரத்தில் மழை.
என்றாலும் முகம் சுட்டது.

"ஈரக் கழிவு, தங்கச்சி.
நண்டு தண்ணியோடதானே வருது.
ஊரெல்லாம் இப்பிடித்தான்."
கோயில் கூரைக்கு ஓடு கொடுத்தவர் அவர்.
வாசகம் வாசித்தால்
கடைசி வாங்குக்கும் கேட்கும்.
கெட்டவர் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் தொடங்கி
கிலோவுக்கு எண்பதைக் கூட்டி எழுதினேன்.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் கதிரையில்
வேறொரு பிள்ளை இருந்தாள்.

ஏழு வருடத்து எண்பதுகளைக் கூட்டிப் பார்த்தேன்.
நாலு மடங்கு என்றான் சக்கேயு.
அவனிடம் இருந்தது, சொன்னான்.
என்னிடம் ஒரு சைக்கிளும்
அடகில் ஒரு சோடிக் காப்பும்.
கடைசியில் வாயை மட்டும் கொண்டு
எமிலியான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.
வலைக்குள் இருந்து பெரிதாய்ச் சிரித்தான்.
"தெரியும் அக்கா.
அதுக்குத்தானே நாங்கள்
நனைஞ்ச சாக்கோட வைக்கிறது."

திரும்பி வரும் வழி முழுக்க
சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.
அவன் சிரிப்பு சரியா,
என் ஒன்பது நாள் வீணா,
இரண்டு பொய் சேர்ந்தால் ஒரு நீதி ஆகுமா.
இரவு பரலோக மந்திரம் பாதியில் நின்றது,
'எங்கள் கடன்' என்ற இடத்தில்.
அங்கேயே கனநேரம் இருந்தேன்.
பதில் வரவில்லை.
நித்திரை வந்தது.

இப்போது கடல் வற்றும் வேளைகளில்
இடுப்பில் பை கட்டிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் இறால் தடவுகிறேன்.
கிடைப்பதைப் புது ஆளிடம் நிறுக்கிறேன்,
சாக்கை உதறிவிட்டு.
அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்ப்பதில்லை.
நானும் ஒன்றும் சொல்வதில்லை.
உப்புப் பைக்கற்று ஒன்றை மட்டும் ஒருநாள்
மேசையில் மறந்துவிட்டு வந்தேன்.

கடல்மேல் நடந்தவரைத் தெரியும்.
வள்ளத்திலிருந்து இறங்கி அவரிடம் போய்
பாதியில் தாழ்ந்தவனையும் தெரியும்.
எனக்கு அளந்து கொடுத்தது
முழங்கால் ஆழம்.
தாழவும் ஏலாது,
அதிசயம் காட்டவும் ஏலாது,
நடக்கத்தான் ஏலும்.

சில விடியல்களில், மண்டைதீவுப் பக்கம்
வெளிச்சம் கீறுமுன்,
எனக்குப் பக்கத்தில்
இன்னொரு இடத்தில் தண்ணீர் கலங்குகிறது.
திருக்கையாக இருக்கலாம்.
நான் திரும்பிப் பார்ப்பதில்லை இப்போது.
காலைத் தூக்குவதுமில்லை.